கடலுக்கு முதுகைக் காட்டி ஒரு நாள்

மெரினாவுக்குப் போகாத குடும்பம் நம்மில் உண்டா? ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் மெரினா. குழந்தைக்குப் பிறந்த நாள் என்றால் மெரினா. ரயிலை விட்டு இறங்கியதும் நேராக மணலுக்கு நடந்து, ஜமக்காளத்தை விரித்து, கட்டுச்சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து, கடலைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறோம். சுண்டல், பட்டாணி, பஞ்சுமிட்டாய், குழந்தைகளின் ஈரத் துணி என்று பொழுது போய்விடும். நம் முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய ராஜபாட்டை, அதன் ஓரத்தில் வரிசையாக மாளிகைகள். அவற்றைத் திரும்பிப் பார்க்க நமக்கு நேரம் இருப்பதில்லை.

சகோதரிகளே! ஒரே ஒரு தடவை கடலுக்கு முதுகைக் காட்டி, அந்தச் சாலையைப் பார்த்தபடி நடந்து பாருங்கள். காமராஜர் சாலை என்று இன்று பெயர். முன்பு சவுத் பீச் ரோடு. நேப்பியர் பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை சுமார் மூன்று கிலோமீட்டர்தான் இருக்கும். இந்த மூன்று கிலோமீட்டருக்குள் நவாபின் கதை, வெள்ளைக்காரனின் கதை, எல்லாவற்றுக்கும் மேலாக நம் பெண்களின் கதை அடங்கியிருக்கிறது.

வியன்னாவும் நம் மெட்ராஸும்

ஐரோப்பாவில் ஆஸ்திரியா நாட்டின் தலைநகரம் வியன்னா. அங்கே 'ரிங் ஸ்டிராஸே' என்று ஒரு புகழ்பெற்ற வட்டச் சாலை இருக்கிறது. நகரத்தைச் சுற்றியிருந்த பழைய கோட்டைச் சுவரை இடிக்கும்படி 1857ல் சக்கரவர்த்தி உத்தரவிட்டார். சுவர் இருந்த இடத்தில் அகலமான சாலை போட்டு 1865ல் திறந்தார்கள். அதன் இரு பக்கமும் இசை அரங்கம், பாராளுமன்றம், பல்கலைக்கழகம் என்று ஒன்றையொன்று மிஞ்சும் கட்டடங்கள் எழுந்தன. உலகம் முழுவதிலிருந்தும் ஜனங்கள் போய்ப் பார்க்கிறார்கள்.

அதே காலத்தில்தான் நம் மெட்ராஸிலும் இந்தச் சாலை உருவாகத் தொடங்கியது. 1864ல் மாநிலக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கட்டடம் கட்ட ஒரு போட்டி வைத்தார்கள். ஜெயித்தவர் ராபர்ட் சிஷோம் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர். அடுத்த பதினைந்து வருஷங்களில் கடற்கரையின் முகத்தையே அவர் மாற்றிவிட்டார். பிறகு கவர்னராக வந்த கிராண்ட் டஃப், 1884ல் கடலோரமாக உலாவும் நடைபாதை போட்டு, தாம் பார்த்திருந்த சிசிலித் தீவின் ஞாபகமாக 'மெரினா' என்று பெயர் வைத்தார்.

இன்னொரு செய்தி சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். இவ்வளவு அகலமான மணற்பரப்பு அங்கே ஆதியில் கிடையாது. அலை சாலைக்குப் பக்கத்திலேயே வந்து போகுமாம். துறைமுகம் கட்டியபோது, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை அதன் சுவர் தடுத்துவிட்டது. மணல் அங்கேயே சேர்ந்து சேர்ந்து மெரினா ஆயிற்று. அதே காரணத்தால் துறைமுகத்துக்கு வடக்கே, ராயபுரம் எண்ணூர்ப் பக்கம், கடல் கரையை அரித்தது. அவர்களுக்கு மணல் வந்த கணக்கில், எங்கள் வடக்குப் பக்கத்துக்குக் கரை போன கணக்கு!

அரண்மனையும் பல்கலைக்கழகமும்

நேப்பியர் பாலத்தைத் தாண்டியதும் கடலைப் பார்த்து நிற்பது சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ். சிஷோம் 1874 முதல் 1879 வரை கட்டியது. நாலு மூலையிலும் கோபுரம், மேலே குமிழ் போன்ற கும்மட்டம், செதுக்கிய கல் தூண், வண்ணக் கண்ணாடி ஜன்னல். மசூதியின் சாயலும் தெரியும், நம் ஊர்க் கோயில் மண்டபத்தின் சாயலும் தெரியும், மேல்நாட்டு மாதாகோயிலின் சாயலும் தெரியும். இந்தக் கலப்பு பாணிக்கு 'இந்தோ-சாரசெனிக்' என்று பெயர்.

சிஷோமுக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்தது? சற்றே தெற்கில் இருக்கும் சேப்பாக்கம் அரண்மனையைப் பாருங்கள், தெரிந்துவிடும். 1768ல் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா கட்டிய அரண்மனை இது. கலஸ் மஹால், ஹுமாயூன் மஹால் என்று இரண்டு பகுதி. 1855ல் கடைசி நவாப் வாரிசு இல்லாமல் இறந்து போனார். 'வாரிசு இல்லையா, சொத்து எங்களுக்கு' என்று ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். ஏலம் விட்டு, அதை அரசாங்கமே வாங்கிக்கொண்டது! பிறகு இரண்டு மஹாலுக்கும் நடுவில் ஒரு உயரமான கோபுரத்தைச் சேர்த்தவர் சிஷோம்.

2012 ஜனவரியில் ஒரு நள்ளிரவில் கலஸ் மஹால் தீப்பிடித்து எரிந்தது. அணைக்கப் போன தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். முன்னால் நின்று பலத்த தீக்காயம் பட்டவர் யார் தெரியுமோ? பிரியா ரவிச்சந்திரன் என்ற பெண் அதிகாரி. அவருக்கு வீரச் செயலுக்கான அண்ணா பதக்கம் கிடைத்தது. மஹாலைப் பின்னர் பழைய முறையிலேயே சுண்ணாம்பு கொண்டு புதுப்பித்தார்கள்.

மே மாதத்திலும் குளுகுளு!

வீட்டுக்காரிகளான நாம் கட்டடத்தைப் பார்த்தால் முதலில் என்ன கேட்போம்? "வெயில் தாங்குமா?" என்றுதானே! நம் கான்கிரீட் தளம் மே மாதத்தில் ராத்திரி பத்து மணிக்கும் அனல் கக்குகிறது. அந்தக் காலத்து மெட்ராஸ் கட்டடங்களோ மத்தியானத்திலும் குளுமையாக இருக்கும். அதற்கு மந்திரம் ஒன்றும் இல்லை. சுவரின் கனம் முழங்கை நீளத்துக்கும் மேல். வெயில் அதைச் சுட்டு உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சுற்றிலும் தாழ்வாரம் இருப்பதால் வெயில் அறைச் சுவரில் நேராகப் படாது. உயரமான கூரைக்குச் சூடு மேலே போய்விடும். ஜன்னல்கள் கடற்காற்றைப் பார்த்து இருக்கும்.

கூரைக்கு 'மெட்ராஸ் டெரஸ்' என்றே பெயர். தேக்குக் கட்டைகளை வரிசையாக அடுக்கி, அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைக் குத்துவாட்டில் சாய்வாகச் சுண்ணாம்பு வைத்துப் பதிப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, மரக்கட்டையால் தட்டித் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு ஒட்டுவார்கள். சுவர்ப் பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு. அதோடு முட்டை வெள்ளைக்கருவும் வெல்லமும் கலந்து அரைத்துப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்தால் சலவைக்கல் மாதிரி பளபளக்கும். நம் அடுக்களைச் சாமான்கள் எல்லாம் சுவரில் ஏறியிருக்கின்றன, பாருங்கள்!

அந்தக் கிளிஞ்சலும் விறகும் உப்பும் பட்டணத்துக்கு எப்படி வந்தன? எங்கள் பக்கத்துப் பழவேற்காட்டு வழியாகத்தான், பக்கிங்ஹாம் கால்வாயில் படகில் வந்தன. பட்டணத்துக்குள் ஓடும் அந்தக் கால்வாய்ப் பகுதி 1877, 78ம் வருஷத்துக் கொடும் பஞ்சத்தில், பசித்தவர்களுக்குக் கூலி கொடுத்து வெட்டப்பட்டது. முன்பக்கம் மாளிகை எழும்பிக்கொண்டிருந்த அதே வருஷங்களில், பின்பக்கம் பஞ்சத்தில் அடிபட்ட ஜனங்கள், பெண்களும் பிள்ளைகளும் உள்பட, மண் சுமந்திருக்கிறார்கள். கட்டடத்தின் அழகைப் பார்க்கும்போது இதையும் நினைக்கத்தான் வேண்டும்.

சர்க்கரை போட்ட கைகள்

அடுத்து வருவது மாநிலக் கல்லூரி. 1840ல் தொடங்கிய கல்லூரிக்கு சிஷோம் கட்டிய இந்தக் கட்டடம் 1870ல் திறக்கப்பட்டது. சர் சி.வி. ராமன் படித்த இடம் என்று எல்லோருக்கும் தெரியும். ஜானகி அம்மாள் படித்ததும் இங்கேதான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஜானகி அம்மாள் 1921ல் இங்கே தாவரவியலில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். அமெரிக்கா போய் டாக்டர் பட்டம் வாங்கி வந்தார். கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில், நம் மண்ணுக்கு ஏற்ற இனிப்பான கரும்பை உண்டாக்கும் ஆராய்ச்சியில் பெரும்பங்கு ஆற்றினார். 1977ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். காலையில் காபிக்குச் சர்க்கரை போடும்போது அந்த அம்மாளை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு கணக்கு சொல்கிறேன். வியன்னாவின் அந்தப் பெரிய பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது 1897ல். நம் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் 1875லேயே பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். ஐரோப்பாவைப் பார்த்து நாம் எப்போதும் கூச்சப்பட வேண்டியதில்லை!

ஐஸ் ஹவுஸ்: பனிக்கட்டி உருகிய வீடு

இன்னும் தெற்கே நடந்தால் வட்ட வடிவில் ஒரு வினோதமான வீடு. இன்று விவேகானந்தர் இல்லம். ஜனங்கள் வாயில் இன்றும் ஐஸ் ஹவுஸ்தான். 1842ல் ஃபிரெடரிக் டியூடர் என்ற அமெரிக்க வியாபாரி கட்டியது. அந்த ஊர்ச் சீமையில் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளில் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி, கடல் கடந்து இங்கே கொண்டுவந்து சேமித்தார். வெள்ளைக்காரத் துரைமார்கள் குளிர்ந்த பானம் குடிக்க இவ்வளவு பாடு! இங்கேயே இயந்திரத்தில் ஐஸ் செய்யத் தொடங்கியதும் வியாபாரம் படுத்துவிட்டது. வீடு கைமாறியது. 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் ஒன்பது நாட்கள் இங்கே தங்கினார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிதாகப் படுகிறது.

1886ல் பிறந்தவர் சுப்புலட்சுமி. பதினோரு வயதில் கல்யாணம். கொஞ்ச நாளிலேயே கணவன் போய்விட்டான். அந்தக் காலத்து வழக்கப்படி மொட்டையடித்து, மூலையில் உட்கார வைக்க வேண்டிய குழந்தை. பெற்றவர்கள் அப்படிச் செய்யவில்லை, படிக்க வைத்தார்கள். 1911ல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். மெட்ராஸ் ராஜதானியில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் அவர் என்று சொல்வார்கள். தான் கரையேறியதும் அவர் சும்மா இருக்கவில்லை. தன்னைப் போன்ற சின்னஞ்சிறு விதவைகளைத் தேடித் தேடிச் சேர்த்து, தங்க இடமும் படிப்பும் கொடுத்தார். இளம் வயதிலேயே விதவையான அவருடைய சித்தி வாலாம்பாள் பக்கபலமாக நின்றார். அந்தப் பெண்களுக்கு வீடாக அமைந்தது இந்த ஐஸ் ஹவுஸ். அங்கிருந்த பெண்கள் டீச்சர்களானார்கள். பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தார்கள். 1922ல் பக்கத்திலேயே லேடி வில்லிங்டன் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது, சகோதரி சுப்புலட்சுமியின் முயற்சியால். 1958ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மாமியாரையும் பிளஸ் டூ படிக்கும் என் பெண்ணையும் அழைத்துக்கொண்டு கவரைப்பேட்டையிலிருந்து போயிருந்தேன். இந்தக் கதையை வாசலில் நின்று சொன்னபோது மாமியார் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு சொன்னார்:

"எங்க பாட்டிக்கு ஒரு தங்கச்சி இருந்தாம்மா. பதிமூணு வயசுல தாலி அறுத்தவ. அறுபது வருஷம் அடுப்படியிலேயே கெடந்து செத்தா. இப்படி ஒரு வீடு இருக்குதுன்னு எங்க ஊருக்கு யாரும் வந்து சொல்லலியே!"

"அந்தப் பாட்டிக்குப் பேர் என்ன ஆயா?" என்று என் பெண் கேட்டாள்.

"பேரா? எல்லாரும் 'சின்னாயி'ன்னுதான் கூப்பிடுவாங்க. பேர் எனக்குத் தெரியலியேம்மா."

பேர்கூட மிஞ்சாமல் போனவர்கள் எத்தனை பேரோ!

முப்பத்தேழு பெண்கள்

அடுத்து, ராணி மேரி கல்லூரி. 1914 ஜூலையில் முப்பத்தேழு மாணவிகளோடு தொடங்கியது. சென்னை நகரத்தின் முதல் பெண்கள் கல்லூரி. முதல் முதல்வர் டோரதி டி லா ஹே அம்மையார் 1936 வரை, இருபத்திரண்டு வருஷம், கட்டிக் காத்தார். கேப்பர் ஹவுஸ் என்ற பழைய பங்களாவில் வகுப்பு ஆரம்பித்து, பிறகு பென்ட்லண்ட் ஹவுஸ், ஸ்டோன் ஹவுஸ், ஜெய்ப்பூர் ஹவுஸ் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கரும்பு ஜானகி அம்மாளும் முதலில் இங்கே படித்தவர்தான். கேப்பர் ஹவுஸ் இன்று இல்லை. அந்த இடத்தில் புதிய கட்டடம் நிற்கிறது.

கல்லூரியே இல்லாமல் போயிருக்கும், தெரியுமா? 2003ல் இந்த இடத்தை எடுத்துப் புதிய தலைமைச் செயலகம் கட்டப்போவதாக அரசு அறிவித்தது. மாணவிகள் வளாகத்துக்குள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். கோர்ட்டுக்கும் வழக்குப் போனது. கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்கள் தங்கள் கல்லூரியைத் தாங்களே காப்பாற்றிக்கொண்டார்கள்.

நான் பத்தாவது வரைதான் படித்தவள். எங்கள் பக்கத்தில் கம்பெனிகள் நிறைய. பிளஸ் டூ முடித்ததுமே வீட்டு வாசலுக்குக் கம்பெனி பஸ் வருகிறது. "அவ்ளோ தூரம் டிரெயின்ல போய்ப் படிச்சு என்ன ஆகப்போவுது? கைக்குச் சம்பளம் வருதில்ல?" என்று சொந்தபந்தங்கள் சொல்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மாதச் சம்பளம் வீட்டுக்கு எவ்வளவு ஒத்தாசை என்று எனக்கும் தெரியும். கம்பெனிக்குப் போகும் பெண்களின் உழைப்பும் சின்ன விஷயமல்ல. ஆனால் படிக்க ஆசைப்படும் பெண்ணை, தூரம் என்ற ஒரே காரணத்துக்காக நிறுத்தலாமா? நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த முப்பத்தேழு பெண்களின் வீட்டிலும் இதைவிடப் பெரிய பேச்செல்லாம் வந்திருக்குமே! அன்று மாலை மின்சார ரயிலில் திரும்பும்போது மாமியாரே சொல்லிவிட்டார்: "புள்ள படிக்கட்டும்மா. ரயில் சீசன் டிக்கெட்டுக்கு நான் தர்றேன் காசு."

போலீஸ் தலைமையகம், ரேடியோ நிலையம்

அதே சாலையில் வெள்ளை வெளேரென்று பெரிய தூண்களோடு நிற்பது மாநிலப் போலீஸ் தலைமை அலுவலகம். 1839ல் எழும்பிய கட்டடம். 1993ல் இடிக்க நினைத்தபோது பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் அமைப்பினர் கோர்ட்டுக்குப் போய்த் தடுத்தார்கள். அப்படிப் பிழைத்த கட்டடத்தில், 2010ல் தமிழ்நாட்டின் முதல் பெண் டி.ஜி.பி.யாக லத்திகா சரண் வந்து அமர்ந்தார். நூற்றைம்பது வருஷங்களுக்கு மேலான கட்டடத்தின் தலைமை நாற்காலியில் ஒரு பெண்!

அடுத்து அகில இந்திய வானொலி. 1938ல் எழும்பூரில் தொடங்கிய சென்னை நிலையம் 1954ல் இங்கே வந்தது. நம் அம்மாமார்கள் அரிசி களைந்துகொண்டே கேட்ட மாதர் நிகழ்ச்சி இந்தக் கட்டடத்திலிருந்து வந்ததுதான்.

சாலைக்கு மறுபக்கம் சிலைகள். ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலையை 1959ல் வைத்தார்கள். 1968ல் உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்த சிலைகளில் ஔவையாரும் கண்ணகியும் உண்டு. கண்ணகி சிலை 2001ல் அகற்றப்பட்டு, 2006ல் திரும்பவும் வந்து நின்றது. கையில் சிலம்போடு நீதி கேட்கும் பெண்ணை அவ்வளவு சுலபத்தில் அகற்றிவிட முடியுமா?

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

எங்கள் கும்மிடிப்பூண்டி மார்க்கத்திலிருந்து வருகிறவர்கள் சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் டவுன் ஸ்டேஷனில் பறக்கும் ரயிலைப் பிடியுங்கள். சேப்பாக்கத்தில் இறங்கி வடக்கிலிருந்து நடந்து, கலங்கரை விளக்கம் ஸ்டேஷனில் திரும்ப ஏறலாம்.

கட்டடங்கள் எல்லாம் கிழக்கு பார்த்தவை. காலை வெயிலில் முகப்பு நன்றாகத் தெரியும். கைக்குழந்தையோடு போகிறவர்கள் மூன்றரை மணிக்கு மேல் போனால், கட்டடங்களின் நிழல் நடைபாதையில் விழும், நடக்கச் சுகம். சில இடங்களில் மெட்ரோ ரயில் வேலைக்காகத் தடுப்பு இருக்கலாம். குழந்தையின் கையை விட்டுவிடாதீர்கள்.

கல்லூரிகளுக்குள்ளும் அலுவலகங்களுக்குள்ளும் நினைத்தபடி விட மாட்டார்கள். வெளியே நின்று பார்த்தாலே போதும். விவேகானந்தர் இல்லத்தில் கண்காட்சி இருக்கிறது, உள்ளே போய்ப் பார்க்கலாம்.

ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர், தொப்பி அல்லது குடை, காலுக்கு இதமான செருப்பு. புளியோதரையும் தயிர்சாதமும் இருந்தால் மதியச் சாப்பாட்டுச் செலவு இல்லை. மூன்று கிலோமீட்டரையும் ஒரே மூச்சில் நடக்க வேண்டாம். ஐஸ் ஹவுஸ் வரை நடந்து, சற்று உட்கார்ந்து, பிறகு மீதியைப் பார்க்கலாம்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கட்டாயம் அழைத்துப் போங்கள். அவர்களுக்குத் தெரிந்த கதைகள் எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது. முக்கியமாக, உங்கள் பெண் குழந்தைக்கு ராணி மேரி கல்லூரி வாசலைக் காட்டி, அந்த முப்பத்தேழு பேரின் கதையைச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு மணலுக்குப் போய்ச் சுண்டல் சாப்பிடலாம்!